எதிரே உட்காராதவர்

இதில் வரும் செய்திகள் நடந்த காலத்தில் நான் ஓர் அரசு நிறுவனத்தின் பொது மேலாளராக இருந்தேன். குடிநீர் மீட்டர்கள் செய்யும் நிறுவனம். பொறியியல் கல்லூரியில் இரண்டாம் இடத்தில் தேறி, பயிற்சிப் பொறியாளனாக உள்ளே நுழைந்து, முப்பத்திரண்டு ஆண்டுகளில் ஒரு முறைகூட விளக்கம் கேட்டுக் கடிதம் பெறாமல் அந்த நாற்காலிக்கு வந்தவன். கரமனையில் 'ஜி.எம். வீடு' என்று சொன்னால் போதும், ஆட்டோ எங்கள் வாசலில் வந்து நிற்கும். என் கையெழுத்துடன் வெளியே போன கடிதம் எதிலும் பிழை இருந்ததில்லை. கீழேயிருந்து வரும் குறிப்புகளைச் சிவப்பு மையில் திருத்தி, ஓரத்தில் காரணமும் எழுதித் திருப்பி அனுப்புவேன். என்னிடம் குறிப்பு எழுதக் கற்றவர்கள் தலைமைச் செயலகம் வரை போயிருக்கிறார்கள். இவ்வளவும் பெருமைதான், ஆனாலும் உண்மை.

அந்த ஆண்டு நிர்வாக இயக்குநர் பதவி காலியாகவிருந்தது. தகுதி உடையவர்கள் இருவர்: நானும் நிதிப் பிரிவுத் தலைவரும். புதிதாக வந்த இயக்குநர் குழு ஒரு விதி செய்தது. இருவரும் ஆறு மாதம் ஆளுக்கொரு கோச்சிடம் பயிற்சி பெற வேண்டும். அதன் பிறகே நேர்காணல். பணியிலும் ஆளுமையிலும் வளர்ச்சி பெறுவதற்காக என்று சுற்றறிக்கை சொன்னது. ஐம்பத்தேழு வயதில் எந்தப் பக்கமாக வளர்வது என்று எனக்கு விளங்கவில்லை. எனக்கு ஒதுக்கப்பட்டவர் நாற்பதை ஒட்டிய ஒரு பெண்மணி. அவர் பெயரை எழுதப் போவதில்லை. இதே திருவனந்தபுரத்தில் இன்னும் தொழில் செய்கிறவர். அதற்கு அவரிடம் நான் அனுமதி கேட்கவுமில்லை.

சுற்றறிக்கை வந்த அன்று என் அறைப் பியூன் சசி, என்னோடு பேசும்போது மட்டும் பாதித் தமிழ் கலந்து பேசும் மலையாளி, தேநீரை வைத்துவிட்டு நகராமல் நின்றார்.

"சாரே, கோச்சுன்னா எந்து கோச்? ஃபுட்பாலோ, வாலிபாலோ?"

"நிர்வாகத்துக்கு."

"அதுக்கும் கோச் உண்டோ? அப்போ இத்தனை நாளும் சார் கோச் இல்லாமயா விளையாடினது?"

என் மேஜை தேக்கு. அதற்கு எதிரே இரண்டு பிரம்பு நாற்காலிகள், பார்வையாளர்களுக்கு. அலுவலர்கள் நின்றுதான் பேசுவார்கள். அந்த வழக்கம் எனக்கு முன்பிருந்தவர்கள் காலத்திலேயே இருந்தது. நான் மாற்றவில்லை, அவ்வளவே. அந்தப் பெண்மணி முதல் நாள் உள்ளே வந்தார், வணங்கினார், ஒரு பிரம்பு நாற்காலியை இரு கைகளாலும் தூக்கினார். இழுக்கவில்லை, தூக்கினார். மேஜையைச் சுற்றி, இரும்பு பீரோவைக் கடந்து கொண்டுவந்து, என் நாற்காலிக்கு ஒரு முழ தூரத்தில் வைத்து, நான் பார்க்கும் திசையையே பார்த்து உட்கார்ந்தார். இப்போது எங்கள் இருவருக்கும் முன்னால் மேஜையும், அதற்கு அப்பால் ஒரு காலி நாற்காலியும், கதவும் இருந்தன. தட்டோடு வந்த சசிக்குக் கோப்பையை எந்தப் பக்கம் வைப்பதென்று தெரியவில்லை.

"இது என்ன?" என்றேன்.

"எதிர்ல இருந்தா சார் என் முகத்தைப் பாத்துப் பதில் சொல்லுவீங்க. அது எனக்கு வேண்டாம்."

"யார் முகத்தையும் பார்த்துப் பதில் சொல்லும் பழக்கம் எனக்கில்லை."

"ஞாயம்," என்றார். சற்றுக் கழித்து, "பின்னே?"

இந்த ஊரில் 'அப்புறம்' என்பதற்கு எல்லாரும் சொல்லும் சொல்தான் அது. அவர் சொல்லும்போது மட்டும் கதவு ஒன்றைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்பதுபோல இருக்கும்.   மழை பெய்துகொண்டிருந்தது. வேறு வழியின்றிக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அறையில் அத்தனை ஆண்டுகள் இருந்தும் அந்தப் பக்கத்தை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. நாற்காலியின் முதுகில் ஓரிடத்தில் பிரம்பு அறுந்து, நார்நாராகத் தொங்கியது.

அடுத்த வாரத்திலிருந்து சந்திப்பு வெளியே என்றார். சனிக்கிழமை காலை ஆறரை மணி, மியூசியம் வளாகம். அங்கே நடக்க வருகிறவர்களில் பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள் என்பதால் முதலில் மறுத்தேன். பிறகு, மறுத்ததாகக் குழுவுக்குச் செய்தி போகக்கூடும் என்று எண்ணி ஒப்புக்கொண்டேன்.

அந்தக் காலைகளை இப்போது நினைத்தால், நடந்தவையா கனவில் வந்தவையா என்ற ஐயம் வருகிறது. ஆடியில் வரும் கர்க்கடக மழை விட்டுவிட்டுப் பெய்யும் இடைவெளிகளில், தூங்குமூஞ்சி மரங்கள் நிறுத்தி நிறுத்தித் தங்கள் பங்கு மழையைச் சொட்டிக்கொண்டிருக்கும். பழைய கட்டடத்தின் கூரை முனைகள் வெள்ளைப் புகையில் கரைந்து கிடக்கும். எங்களைக் கடந்து போகிறவர்கள் காலடி ஓசையாக வந்து, முதுகாக மாறி, மறைவார்கள். அடுத்த வளாகத்து மிருகக்காட்சி சாலையிலிருந்து சிங்கம் குரல் கொடுக்கும். அது கோபமாகவும் இராது, பசியாகவும் இராது. கொட்டாவி விடுவதுபோல் நீண்டு அடங்கும். அந்தக் குரல் அடங்கும்வரை அவர் பேச மாட்டார். அடங்கியதும், விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

எப்போதும் என் வலப்பக்கத்தில் நடப்பார். பெஞ்சில் அமர்ந்தாலும் அப்படியே. ஆறு மாதத்தில் அவர் முகத்தை நான் நேராகப் பார்த்த பொழுதுகளைச் சேர்த்தால் சில நிமிடங்கள் தேறலாம். அதனால் இன்று அவர் முகம் எனக்கு நினைவில்லை. இடக்காதும் அதில் ஒற்றைக்கல் தோடும், மழை இல்லாத நாளிலும் கையில் மடித்துப் பிடித்த கறுப்புக் குடையும், ஈரத்தில் ஓசையெழுப்பும் செருப்பும் நினைவிருக்கின்றன. குரல் நினைவிருக்கிறது. ஒருவரை இவ்வளவு குறைவாகப் பார்த்து இவ்வளவு தெரிந்துகொள்ள முடியும் என்பதை முன்பு யாராவது சொல்லியிருந்தால் ஏற்றிருக்க மாட்டேன்.

ஒரு சனிக்கிழமை, ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், எங்கள் தெருக்காரர், எதிர்த் திசையில் சுற்றிக்கொண்டிருந்தவர், மூன்றாம் சுற்றில் எங்கள் முன் நின்றுவிட்டார்.

"என்ன ஓய், பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை மாதிரி ரெண்டு பேரும் நேரே பாத்துண்டே நடக்கறேள்?"

"அலுவலக விஷயம்," என்றேன்.

"அதுக்கு ஆஃபீஸ்னு ஒண்ணு கட்டி வெச்சிருக்கே, ஓர்மை இல்லையா?"

வலப்பக்கத்தில் அவர் சிரித்தார். அதையும் கேட்கத்தான் செய்தேன்.

வீட்டிலும் இந்தக் கேலி நடந்தது. என் மனைவி கோமதிக்கு அந்த ஆறு மாதமும் ஒரே கேள்வி.

"ஏன்னா, அந்தப் பொண்ணு உங்களுக்கு என்னதான் சொல்லித் தரா?"

"ஒன்றும் சொல்லித் தரவில்லை."

"ஒண்ணும் இல்லாததுக்கா கார்த்தாலே குளிச்சு, இஸ்திரிச் சட்டை போட்டுண்டு போறேள்? கல்யாணத்துக்குக் கூட நான் ரெண்டு தரம் சொல்லணும்."

நான் கோமதியிடம் சொன்னது உண்மை. அவர் எதுவும் சொல்லித் தந்ததில்லை. முதல் வாரங்களில், "சார் வேலையில எது பிடிக்கும்?" என்று கேட்டார். பொறுப்பான கேள்விக்குப் பொறுப்பாகப் பதில் தர வேண்டும் என்று, மூன்று பக்கம் தட்டச்சு செய்து, பத்திகளுக்கு எண்ணிட்டு, அடுத்த வாரம் கொடுத்தேன். வாசித்தார். பெஞ்சில் எங்களுக்கிடையே வைத்தார்.

"இது எனக்கா சார், போர்டுக்கா?"

"இருவருக்கும் பொருந்தும்படி எழுதியிருக்கிறேன்."

"அப்போ இதுல சார் இல்லை," என்று மடித்துத் திருப்பிக் கொடுத்தார். என் எழுத்தை எனக்குத் திருப்பிக் கொடுத்த முதல் மனிதர் அவர்.

நான் எந்த நிகழ்ச்சியைச் சொன்னாலும் அவருக்கு அதன் நியாய அநியாயம் வேண்டாம். யார் எங்கே நின்றார்கள் என்பதுதான் வேண்டும். ஒரு நாள், என்னிடம் தேறிவந்த உதவி மேலாளர் ஒருவரின் கதையைச் சொன்னேன். அவர் எழுதிய ஒரு குறிப்பில் ஏழு பிழைகள். நான்கு அலுவலர்கள் முன்னிலையில் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். ஆறு மாதத்தில் அவர் எழுத்து மணியாயிற்று. இதை என் வெற்றிகளில் ஒன்றாகவே சொன்னேன்.

"ஞாயம். அவர் எங்க நின்னார் சார்?"

"மேஜைக்கு எதிரே."

"கை?"

"என்ன கை?"

"அவர் கை எங்க இருந்துச்சு?"

சினம் வந்தது. ஆயினும் பனிக்குள் பார்த்தபடி நடந்துகொண்டிருந்தபோது, நான் அழைக்காமலே அது தெரிந்தது. அவர் கை காலி நாற்காலியின் முதுகைப் பற்றியிருந்தது. விரல்கள் பிரம்பை நெருடிக்கொண்டிருந்தன. நான் வாசிக்க வாசிக்க, ஒரு நார் பிரிந்து வந்தது. இதை அன்று நான் பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எப்படி நினைவிருக்கும்? பார்த்துவிட்டு வாசித்திருக்கிறேன். அவரிடம் அதைச் சொல்லவில்லை. "ஓர்மையில்லை" என்றேன்.

தம்மைப் பற்றி அவர் பேசியது ஒரே ஒரு முறை, நான் கேட்டபோது. இந்தப் பக்கத்தில் உட்காரும் முறையை எந்தக் கல்லூரியில் கற்பித்தார்கள் என்று கேட்டிருந்தேன். கேலி கலந்துதான் கேட்டேன்.

"கல்லூரியில இல்ல சார். போனக்காட்டுல. எங்க அம்மா அங்க தேயிலைக் கொழுந்து பறிச்சவங்க." கைக்குடையால் முன்னாலிருந்த பனியைச் சுட்டினார். "வீட்டுக்குள்ள எங்க அம்மா ஒரு வார்த்தை பேசாது. அடுப்பப் பாத்துட்டு இருக்கும். மலையில ஆளுக்கொரு நிரை. நிரையில நின்னுட்டா, பக்கத்து நிரைக்காரிகிட்ட எல்லாம் சொல்லும். மொகத்தைப் பாக்கச் சமயமில்லை, கண்ணு கொழுந்துல இருக்கணும் அல்லே. மஞ்சு இறங்கினா ஆளே தெரியாது, பேச்சு மட்டும் வரும். எங்க அக்கா படிப்ப நிப்பாட்டுனப்போ அம்மா அழுதது, எனக்கு அப்படித்தான் தெரியும். கீழ் நிரையில நின்னு கேட்டேன்."

"அப்படியானால் நான் இப்போது கொழுந்து பறிக்கிறேன்."

"இல்ல சார். பறிக்கிறது நான். சார் பேசுங்க."

அவர் ஒரு சிறிய ஃபிளாஸ்க்கில் பால் சேர்க்காத தேநீர் கொண்டுவருவார். மூடியில் ஊற்றி ஒவ்வொரு சனிக்கிழமையும் என் பக்கம் நீட்டுவார். காபி சாப்பிட்டுவிட்டு வந்தேன் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் சொன்னேன். சில நாள்களில் சாப்பிட்டிருக்கவில்லை. காரணத்தை இங்கே விரித்து எழுத எனக்கு விருப்பமில்லை. எங்கள் தெருவில் வளர்ந்தவர்களுக்கு அது தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும். அவர் நீட்டுவதை நிறுத்தவில்லை.

நான்காம் மாதத்தில் அது நேர்ந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். சாதாரணமாகக் கேட்டார்.

"கடைசியா ஒருத்தர் சார்கிட்ட நேர்ல வந்து ஒரு கெட்ட சேதி சொன்னது எப்போ?"

தேடினேன். ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு என்று பின்னோக்கிப் போனேன். குறிப்புகள் வந்திருக்கின்றன, திருத்தியிருக்கிறேன். ஆள் வந்ததில்லை.

"எங்கள் நிறுவனத்தில் கெட்ட செய்தி குறைவு," என்றேன்.

"ஞாயம். பின்னே?"

எழுந்து வந்துவிட்டேன். திங்கள்கிழமை இயக்குநர் குழுவின் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். எனக்கு அளிக்கப்பட்ட பயிற்றுநர் பதவிக்குரிய முறைமை அறியாதவர், நிறுவனத்தின் உள்விவகாரங்களைத் துருவிக் கேட்கிறார், அவை வெளியே செல்லக்கூடும் என அஞ்சுகிறேன், மாற்றித் தருக. அச்சம் எதுவும் எனக்கு இருக்கவில்லை. கடிதத்துக்கு வலு சேர்க்கவே அந்த வரியைச் சேர்த்தேன். இரண்டே மாதம் இருப்பதால் மாற்ற இயலாது என்று பதில் வந்தது. கடிதத்தின் நகலை, விதிப்படி, அவருக்கும் அனுப்பியிருந்தார்கள்.

சனிக்கிழமை அவர் வரமாட்டார் என்று எண்ணிக்கொண்டே போனேன். பெஞ்சில் இருந்தார், வழக்கமான இடத்தை எனக்கு விட்டு. நான் அமர்ந்ததும் சொன்னார்.

"கடிதம் வாசிச்சேன். நல்லா எழுதியிருக்கீங்க சார். இதை எங்கிட்டயே சொல்லியிருக்கலாம். பக்கத்துலதானே இருக்கேன்."

குரலில் வருத்தம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாயிருக்கும். பிறகு மூடியில் தேநீர் ஊற்றி நீட்டினார். காபி ஆயிற்று என்றேன்.

நேர்காணல் ஒரு செவ்வாய்க்கிழமை என்று அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்திய வியாழக்கிழமை, உணவு வேளையில், என் அறையில் தனியே உட்கார்ந்திருந்தவன் எழுந்து மாடி இறங்கிச் சோதனை அறைக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. அங்கே நான் கால் வைத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. தரப் பிரிவின் ஜெபசிங் மட்டும் இருந்தார். குழித்துறைப் பக்கத்துக்காரர், இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர். என்னைக் கண்டதும் டிபன் பாத்திரத்தை மூடிக்கொண்டு எழுந்து நின்றார். உட்காரச் சொன்னேன். ஒரு முக்காலியை எடுத்து அவர் பக்கத்தில் போட்டு, அவர் பார்த்துக்கொண்டிருந்த திசையையே பார்த்து நானும் உட்கார்ந்தேன்.

எங்கள் முன்னால் நீண்ட மேடையில் மீட்டர்கள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றுக்குள்ளும் நீர் ஓடும் ஓசை. கண்ணாடிகளுக்குள் சின்னஞ்சிறு சிவப்பு முட்கள் சுழன்றுகொண்டிருந்தன. சன்னலுக்கு வெளியே மழையும் இருந்ததால், எங்கே எது ஓடுகிறது என்று பிரிக்க முடியவில்லை.  மூன்று மீட்டர்களில் முள் நின்றிருந்தது.

"இவை ஓடவில்லையே," என்றேன்.

"ஓடாது சார்."

"பின்னே?" என்றேன்.

ஜெபசிங் மீட்டர்களைப் பார்த்துக்கொண்டே பேசினார். "வாஷர் சார். புது ரப்பர். மூணு மாசம் தண்ணியில கெடந்தா ஊதிருது. ஊதுனா சக்கரத்தப் பிடிச்சிரும், மீட்டர் நின்னுரும். ஓணத்துக்கு முன்னாடியே கண்டுட்டேன்."

"எனக்கு ஏன் தெரிவிக்கவில்லை?"

"நோட் எழுதிட்டு இருக்கேன் சார்."

"ஓணத்திலிருந்தா?"

இழுப்பறையைத் திறந்து தாள்களின் கட்டு ஒன்றை எடுத்தார். "இது பதினொண்ணாவது டிராஃப்ட். கடைசி பாரா மட்டும் சரியா அமைய மாட்டேங்குது. பிழையோட வந்தா சார் திருப்பி விடுவீங்க, பின்னே ரெண்டு வாரம் போவும். எல்லாரும் கேக்க வாசிப்பீங்க. அதுக்கு ஒரேயடியாச் சரியாக்கிக் கொண்டு வரலாம்னு..."

"இதற்கிடையில் அந்த மீட்டர்கள்?"

"மூணு லோடு போயாச்சு சார்."

பதினோராவது வரைவை வாசித்தேன். நல்ல குறிப்பு. ஒரு பிழைகூட இல்லை.

சனிக்கிழமை எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அதுதான் கடைசிச் சந்திப்பு. பனி இறங்கியிருந்தது; பத்தடிக்கு அப்பால் உலகம் இல்லை. செவ்வாயன்று குழுவிடம் இதைச் சொன்னால் பதவி போய்விடும் என்றேன். சொல்லாமலும் இருக்கலாம். குறிப்பில் இன்னும் தேதி இடவில்லை. புதன்கிழமை கொண்டுவரச் சொன்னால் ஜெபசிங் கொண்டுவருவார். நான் நிர்வாக இயக்குநராக அதில் நடவடிக்கை எடுப்பேன். மீட்டர்களும் திரும்பி வரும், யாருக்கும் கெடுதல் இல்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் ஐந்து நாளில் அழிய வேண்டியதில்லை.

"என்ன செய்யலாம்?" என்று கேட்டேன். நான் பிறரிடம் கேட்கிற கேள்வி அல்ல அது.

"அதை நான் சொல்ல மாட்டேன் சார்."

"ஆறு மாதம் உங்களோடு நடந்திருக்கிறேன். ஒரு சொல்லாவது சொல்லக் கூடாதா?"

 சிங்கத்தின் குரல் எழுந்து, நீண்டு, அடங்கியது.

"புதன்கிழமை ஜெபசிங் நோட்டைக் கொண்டு வருவார் அல்லே. அவர் எங்க நிப்பார்?"

"மேஜைக்கு எதிரே."

"சார் எங்க இருப்பீங்க?"

 அவர் குடையை விரித்தார்; மரம் சொட்டத் தொடங்கியிருந்தது. இருவரும் வாயில் வரை ஒரே குடையின் கீழ் நடந்தோம். வாயிலில் வணங்கிவிட்டு அவர் பேருந்து நிறுத்தத்தின் பக்கம் போனார். முதுகு பனியில் சிறிது நேரம் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு என்னை உள்ளே அழைத்தார்கள். குழுவினர் ஐவர் ஒரு பக்கம். அவர்களுக்கு எதிரே எனக்கு ஒரு நாற்காலி. நான் உட்காரவில்லை. வாஷர், மூன்று லோடு, ஓணத்துக்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டது, பதினொரு வரைவுகள், அவற்றுக்குக் காரணம் என் சிவப்பு மை, ஜெபசிங் மீது குற்றமில்லை என்று வரிசையாகச் சொன்னேன். எழுதி எடுத்துப் போகாமல் நான் பேசிய பேச்சு அது ஒன்றுதான். நடுவில் இரண்டு வாக்கியங்கள் முடியவில்லை. உங்களுக்கு எப்போது தெரியும் என்று தலைவர் கேட்டார். வியாழக்கிழமை என்றேன். நன்றி சொன்னார்கள். பதவி நிதிப் பிரிவுத் தலைவருக்குப் போயிற்று. மீட்டர்கள் திரும்ப வந்தன.

குழுவின் நடவடிக்கைக் குறிப்பில் 'கிடைத்த தகவலின் அடிப்படையில்' என்று மட்டும் இருந்தது. யாரிடமிருந்து கிடைத்தது என்று இல்லை. அலுவலகத்தில் கதை கட்ட அது போதுமானதாயிருந்தது. பொது மேலாளர் அந்த அம்மாளிடம் மனம்விட்டுப் பேசினார். அம்மாள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். ஆதாரம் வேண்டுமா? உள்விவகாரம் வெளியே போகும் என்று பொது மேலாளரே முன்கூட்டி எழுதிய கடிதம் கோப்பில் இருக்கிறது. அவரை எங்கள் நிறுவனம் மறுபடி அழைக்கவில்லை. நகரத்தில் வேறு இரண்டு நிறுவனங்களும் அழைப்பதை நிறுத்தின என்று பிறகு கேள்விப்பட்டேன். பேசியதை வெளியே சொல்லாதவர் என்ற பெயர் ஒன்றுதான் அந்தத் தொழிலுக்கு முதல்.

ஐந்து மாதம் கழித்து எனக்குப் பிரிவு உபசாரம் நடந்தது. ஊழியர் சங்கத் தலைவர் மேடையில் பேசினார். "நம்ம சாரை முதுகில குத்தினது யாருன்னு இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும். நடக்கக் கூட்டிப் போய்க் குத்தினாங்க," என்றார். கைதட்டினார்கள். நான் மாலையோடு உட்கார்ந்திருந்தேன். பிறகு ஏற்புரை ஆற்றினேன், இருபது நிமிடம். அதில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. வஞ்சிக்கப்பட்டவனாக வீடு திரும்புவது, தோற்றவனாகத் திரும்புவதைவிட எனக்குக் கௌரவமாக இருந்தது. கோமதி காரில் கேட்டாள்.

"அவர் சொன்னது வாஸ்தவமா?"

"எதற்கு இப்போது அதெல்லாம்," என்றேன். அவளும் நம்பிவிட்டாள்.

கடைசியாக அவரைப் பார்த்தது சென்ற ஆண்டு, பழவங்காடியில். கணபதி கோயில் முன் தேங்காய் உடைக்கும் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தேன். சிதறிய சில்லுகளும் தேங்காய்நீர் வாசனையும் கற்பூரப் புகையும். பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். திரும்பவில்லை, கழற்றிய செருப்போடு அந்தக் கறுப்புக் குடையைக் கையில் பிடித்திருந்த விதத்திலேயே அவர் என்று தெரிந்தது.

"சார் சுகமா?"

"சுகம்," என்றேன்.

இருவரும் சந்நிதியைப் பார்த்தபடி நின்றோம். தேங்காய்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்துகொண்டிருந்தன.

"பின்னே?" என்றார்.

சொல்வதற்கு இருந்தது. ஐந்தே வாக்கியம். கூட்டம் அசைந்தது, யாரோ இடையில் புகுந்தார்கள், மணி அடித்தது. நான் திரும்பியபோது வலப்பக்கத்தில் ஒரு பள்ளி ஆசிரியை போன்ற வேறு ஒருவர் கைகூப்பி நின்றிருந்தார்.

அந்த வாரமே நடந்த உண்மையைக் குழுவின் செயலாளருக்கு எழுதினேன். கோப்பு முடிக்கப்பட்டுவிட்டதால் கடிதத்தை இணைக்க வழியில்லை என்று பதில் வந்தது. கோமதியிடம் சொல்லிவிட்டேன். ஜெபசிங்குக்குத் தொலைபேசியில் சொன்னேன். "எனக்கு அன்னைக்கே தெரியும் சார், நீங்கதான் சொல்லியிருப்பீங்க" என்றார். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

மீட்டர்ப் பழுதை இயக்குநர் குழுவுக்கு அந்தப் பெண்மணி தெரிவித்தார் என்று சொல்லப்படுவது தவறு. அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. தெரிவித்தவன் நான். அவரைப் பற்றி முன்பு புகார் எழுதியவனும் நான். அந்தப் புகார் உண்மையல்ல.